என் மூளையில் ஒரு சின்ன அலை

என் மண்டைக்குள் ஓர் அலை சின்னதாக ஓடுகிறது. ஓடட்டும். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஓர் ஆய்வுக்காகத் தலையில் வயர்களைப் பூட்டினார்கள். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே வேறு ஒலி கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். அந்த வேறு ஒலிக்கு மூளையில் எழும் அலை, குடிகாரரின் பிள்ளைகள் பலருக்கு, அவர்கள் ஒரு துளியும் தொடாதபோதே சின்னதாக இருக்குமாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "இது ஆபத்துக்கான அடையாளம் மட்டும்தான், தீர்ப்பு இல்லை" என்றார் டொக்டர். என் அப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். அதனால் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் சொல்லிவிட்டார். இலுப்பைக்கடவையிலிருந்து மன்னாரில் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று, அவருடைய தகப்பன் மாதா படத்துக்குக் கீழே கதிரையில் சாய்ந்துகொண்டு அதைத்தான் முதலில் எடுத்தார்.

"குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை. ஆனா மூளையிலயே இருக்காமே. நாளைக்கு எங்கட பேரப்பிள்ளையளுக்கும் வருமல்லோ?"

அம்மா கெஞ்சாத குறையாகப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள். உடனே, கொண்டுவந்த சாராயப் போத்தலை உடைத்தார்கள். சம்பந்தம் முற்றானால் இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் ஒரு கிளாஸ் எடுப்பது அவர்கள் வழக்கமாம். எங்கள் வீட்டில் அப்பாவின் இடத்தில் இருப்பது அண்ணன். கடலுக்குப் போகிறவன், கூட வருகிறவர்கள் எவ்வளவு பகிடி பண்ணியும் குடியைத் தொடாதவன்.

"நான் எடுக்கிறேல்லை, மாமா," என்றான்.

"தங்கச்சிக்காக ஒரு வாய். நீர் தொடாட்டி எங்களை மதிக்காத மாதிரி."

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் கை கிளாசுக்குப் போனது. என் கலியாணத்துக்காகக் குடிக்கப்போகிறான் என்று விளங்கியது. கிளாசைப் பறித்து முற்றத்து மணலில் ஊற்றினேன்.

"எங்கட ரத்தத்தில குடி இருக்கெண்டு இவ்வளவு நேரமும் கதைச்சது நீங்கள். ஊத்திக் குடுக்கிறதும் நீங்கள். அண்ணன்ர தலைக்குள்ளயும் இதுதான் இருக்கும், மாமா. அதாலதான் அவன் தொடுறேல்லை. இதைக் குடிச்சாத்தான் கலியாணமெண்டா எனக்கு வேண்டாம்."

மாப்பிள்ளை தன் கையிலிருந்த கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழும்பினார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"மற்றக் கிளாசுகளையும் தாங்கோ," என்றார். "கழுவி வைக்கவேணும்."