கிங்குக்குத் தெரியாத நான்கு மொழிகள்

மலேசியாவின் குளுவாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய லெட்சுமணனுக்கு நான்காவதாகப் பிறந்த குணாளன், பிறர் சொல் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமலே நாற்பத்தாறு வயதை எட்டியவன். உலு திராமில் மாடி வீடு, பாலம் தாண்டிச் சிங்கப்பூர்க் கிடங்கு ஒன்றில் காவல் மேற்பார்வை, கழுத்தில் பொய்ப் புலிநகம் கோத்த சங்கிலி. இவ்வளவு இருந்தும் தாமான் குடியிருப்பில் ஒரு பூனைகூட அவனைக் கண்டு ஒதுங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு நாய் வாங்குவதென்று தீர்மானித்தான். தனக்கு வராத மிடுக்கைச் சங்கிலியில் கட்டி இழுத்து வரலாம் என்பது அவன் எண்ணம்.

குளுவாங்கில் நாய் வளர்த்து விற்கும் சீன முதலாளியான தவுக்கே, வெள்ளை வெளேரென்ற ஒரு புல் டெரியரை வெளியே கொண்டுவந்தார். முட்டையைக் கவிழ்த்ததுபோல் சரிந்த முகம், சின்ன முக்கோணக் கண், உரலைப்போல் திரண்ட தோள். குணாளன் சொக்கிப்போனான்.

"போஸ், இது வெள்ளை. வெயில்லே கட்டாதே, தோல் கெட்டுடும். காலைலயும் சாயங்காலமும் நல்லா நடக்க விடு. ஆள் பக்கத்துல இல்லன்னா சேட்டை பண்ணும். கறிக்குழம்பு போடாதே. அப்புறம் காது டாக்டர்கிட்ட காட்டுலா, வெள்ளைக்குச் சில நேரம்..."

"தவுக்கே, நாய் வளக்க எனக்கே சொல்லித் தர்றியா?" என்று குணாளன் காரைக் கிளப்பிவிட்டான்.

கிங் என்று பெயர் வைத்தான். பிறகு, தவுக்கே வேண்டாமென்றதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். ஊரார் பார்க்கவேண்டும் என்று நடுப்பகலில் கேட்டருகே கட்டினான். ஆட்டுக்கறிக் குழம்பில் சோறு பிசைந்து வைத்தான். வயிற்றுத் தோல் சிவந்து தடித்தபோது, "கண்ணு பட்டுருச்சு" என்று கழுத்துப் பட்டையில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டான். அவன் வேலைக்குப் போனதும் மனைவி யோகேஸ்வரி நாயை உள்ளே கொண்டுவந்து காற்றாடிக்குக் கீழே கிடத்துவாள்; உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் போடுவாள். தடிப்பு அடங்கியது. ஊரை மிரட்ட வந்த அந்த நாய், அவள் பாதத்தின்மேல் உட்கார்ந்து தன் பாரம் முழுவதையும் அவள் காலில் சாய்த்துக்கொள்ளும். பிள்ளைகள் படிக்கப் போனபின் வெறிச்சோடிய வீட்டில், அந்தப் பாரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் குணாளனின் கட்டளைக்குக் கிங் அசையவில்லை. "சிட்!" என்றான், அது சுவரைப் பார்த்தது. சீனர் வளர்த்த நாய்க்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று "டுடுக்!" என்று மலாயில் அதட்டினான். பிறகு கிடங்குக் கூட்டாளியிடம் ஹொக்கியன் சீனச் சொல் கற்றுவந்து கத்தினான். கடைசியாகத் தமிழுக்கு இறங்கினான்.

ஸ்கூடாயிலிருந்து வந்திருந்த யோகேஸ்வரியின் தம்பி ரூபேந்திரன், "மச்சான், கிங்குக்கு இந்த வருஷமே எஸ்.பி.எம். பரீட்சைக்கு எழுதிப் போட்டுடலாமா?" என்றான்.

"இது திமிர் புடிச்ச ஜாதிடா. ஒடிச்சுதான் வழிக்குக் கொண்டு வரணும்."

தீபாவளியன்று கேட்டுக்கு வெளியே பட்டாசுச் சரம் வெடித்தது. தெருநாய்கள் சாக்கடைக்குள் பதுங்கின. கிங் கால்நீட்டி உறங்கியது. "பாத்தியா தைரியத்த!" என்று குணாளன் மார்தட்டினான். யோகேஸ்வரி மட்டும் அதன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது துடிக்கவே இல்லை.

"என்னங்க, கிங்குக்கு..."

"நாயைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத."

அதற்குள் கந்தசஷ்டி பிறந்துவிட்டது. சூரசம்ஹாரம் முடியும்வரை ஆண்டுதோறும் மௌனவிரதம் இருப்பவள் அவள். வீட்டை முழுவதும் கையசைவாலேயே நடத்தினாள், கிங்கையும் அப்படியே. உள்ளங்கை தாழ்ந்தால் உட்கார்ந்தது. விரல் மடங்கினால் ஓடிவந்தது. நான்கு மொழியில் தொண்டை கிழியக் கத்தியும் தனக்குக் கிட்டாத மரியாதை வாய்திறவாத மனைவிக்குக் கிட்டியதைக் குணாளனால் சகிக்கமுடியவில்லை. "என்னா மந்திரம் போட்ட?" என்று கேட்டான். நல்ல வேளை, விரதம் அவளைக் காப்பாற்றியது.

ஒருநாள் அவன் பூட்டாமல் விட்ட கேட்டைத் தள்ளிக்கொண்டு கிங் சாலைக்கு ஓடியது. "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று அவன் அலறிய அலறலில் லாரிதான் நின்றது. அண்டைவீட்டார் சிரித்தார்கள். நாய் பிழைத்தது பெரிதல்ல, தன் மானம் போயிற்றே என்று குமைந்தவன், தவுக்கேயைக் கூப்பிட்டு, "சொல்பேச்சுக் கேக்காத நாய் எனக்கு வேணாம். வந்து தூக்கிட்டுப் போ" என்றான்.

சூரசம்ஹாரத்தன்று மாலை தவுக்கே வேனோடு வந்தார். அக்காளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ரூபேந்திரனும் வந்திருந்தான். யோகேஸ்வரி கணவனின் கையைப் பற்றி வேண்டாமென்று தலையசைத்தாள், அவன் உதறினான். சங்கிலி தவுக்கேயின் கைக்கு மாறியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் விரதம் முடிய இன்னும் கோயிலில் சூரன் விழவேண்டும்.

அவள் உள்ளே போனாள். கோயிலுக்கு எடுத்துவைத்த பித்தளைத் தாம்பாளத்தோடும் இரும்புக் கரண்டியோடும் வந்தாள். கிங்கின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"அலமாக்!" என்று ரூபேந்திரன் துள்ளினான். தவுக்கே சங்கிலியை நழுவவிட்டார். குணாளன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தான். கிங் வேனின் சக்கரத்தை நிதானமாக முகர்ந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி அடித்தாள். அதன் வாலாட்டம்கூட நிற்கவில்லை. பிறகு அவள் அதன் கண்ணெதிரே வந்து உள்ளங்கையைத் தாழ்த்தினாள். கிங் உட்கார்ந்தது, அவள் பாதத்தின்மேல்.

"காதைக் காட்டுன்னு அன்னிக்கே சொன்னேன்லா, போஸ்," என்றார் தவுக்கே.

"எப்ப சொன்ன? நான் கேக்கவே இல்லையே!"

ரூபேந்திரன் சிரிப்பை அடக்க வேனுக்குப் பின்னால் போய்விட்டான். யோகேஸ்வரி தரையில் கிடந்த சங்கிலியை எடுத்தாள். நாயோடு உள்ளே போய்க் கிரில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிரவு கோயிலிலிருந்து திரும்பியதும் அவள் வாய்திறந்து சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வாசல் கேட்டை மட்டும் ஒழுங்கா பூட்டுங்க, போதும்."

இப்போது வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் குணாளன் சொல்கிறான்: "நம்ம கிங்குக்கு சத்தமே கூடாது. எல்லாம் கை டிரெய்னிங். நான் பழக்குனது." சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறான், பழக்கதோஷத்தில் "சிட்!" என்றும் கத்துகிறான். கிங் அவனைத் தாண்டிச் சமையலறை வாசலைப் பார்க்கிறது. அங்கே யோகேஸ்வரி, கோழியைப் பிய்த்துக்கொண்டே, ஈரக் கையைக் கொஞ்சம் தாழ்த்துகிறாள்.