ஏழெழுத்துக்காரர்

வெளிநாட்டு உறை கைக்கு வந்தால் தனிஸ்லாஸ் முதலில் முகவரியைப் பார்ப்பதில்லை. உறையைப் புரட்டி, அனுப்பியவர் பெயரைப் பார்ப்பார். கண் இமைக்கும் நேரம்தான். பிறகு முன்பக்கம் திருப்பி, செஞ்சியா, கள்ளக்குறிச்சியா, பண்ருட்டியா என்று பார்த்து, எதிரே இருக்கும் மர அலமாரியின் சின்ன அறைகளில் ஒன்றுக்குள் வீசுவார். குறி தப்பாது. விழுப்புரம் ஜங்ஷனில், ரயிலில் வந்து இறங்கும் தபாலைப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். ஆபீசில், பதினெட்டு வருடமாக நின்றபடியே இந்த வேலை.

"இன்னா தொரை, முதுகையே பாத்துக்கினு இருக்கிற? அட்ரஸ் முன்னாடி இருக்குதுய்யா" என்பார் பக்கத்தில் நிற்கும் விருத்தாசலம்.

"பாத்துட்டுப் போட்டுடறேன் சார். ஒரு செகண்டு."

துரை என்று அவருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பார்த்தவர்கள் வாயில் அது தானாக வந்துவிடும். பூனைக்கண். வெயிலில் கறுக்காமல் சிவந்து உரியும் கழுத்து. தேங்காய்நார் நிறத்தில் தலைமயிர். அதற்குக் கீழே நாலு முழ வேட்டியும் ரப்பர் செருப்பும். பஸ்ஸில் ஏறினால் புது கண்டக்டர்கள் இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள். ஆரோவில்லுக்கு வழி தவறி வந்த வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டி, வானூர்ப் பக்கம் போகும் பஸ்ஸைக் காட்டுவார்கள்.

"திண்டிவனத்துக்கு ஒன்னு குடுங்க. நானு அங்க லூர்துமேரி மவன்" என்பார் இவர். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அது பழகிப்போய்விட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவின் பெயர்.

அப்பா போலந்துக்காரர். உலகப் போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, ருஷ்யாவின் பனியில் மரம் வெட்டி, பாரசீகம் வழியாக வந்து, கோலாப்பூர் பக்கத்து அகதி முகாமில் தங்கியவர். ஒரு கால் ஊனம் என்பதால் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. எஞ்சின் வேலை தெரியும். திண்டிவனத்தில் ஒரு கடலை எண்ணெய் மில்லுக்குப் புது எஞ்சின் பூட்ட வந்த ஆட்களோடு வந்தவர், அப்படியே இருந்துவிட்டார். மில் களத்தில் மல்லாட்டை காயவைக்கும் லூர்துமேரிக்கு மாதா கோயிலில் தாலி கட்டினார். மனைவியிடம் அவர் பேசிய தமிழ் மொத்தமும் முப்பது வார்த்தை தேறாது. தனிஸ்லாசுக்கு நாலு வயதாகும்போது விஷக்காய்ச்சலில் போய்விட்டார்.

விட்டுப்போனது ஒரு முகாம் அடையாளச் சீட்டு. அதில் யான் என்று சொந்தப் பெயர். பக்கத்தில் குடும்பப் பெயர். இங்கிலீஷில் ஏழு எழுத்து. நடுவில் ஒரே ஒரு 'ஓ'. முன்னால் மூன்றும் பின்னால் மூன்றுமாக மெய்யெழுத்துகள் அந்த 'ஓ'வை நெருக்கிக்கொண்டு நிற்கும். படித்தவர்கள் யாராலும் அதைச் சொல்ல முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் 'வர்சோசுக்' என்றார். வேலைக்கு எடுத்த அதிகாரி தலையைச் சொறிந்து, டபிள்யூ. தனிஸ்லாஸ் என்று முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். லூர்துமேரி மட்டும் எழுத்தைப் பார்க்காமல், காதில் கேட்டதை வைத்து, "உசோசு" என்பார்.

1978இல் போலந்துக்காரர் ஒருவர் போப்பாண்டவர் ஆனபோது திண்டிவனம் கோயிலில் எல்லோரும் லூர்துமேரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க வூட்டுக்காரரு ஊராமே!" அன்று சாயங்காலம் அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவருக்கு ஆளுங்க இருப்பாங்கடா. ஒரு சனம்கூடவா இல்லாம பூடும்? நீ லெட்டர் ஆபீசுலதான இருக்கிற. எழுதிப் பாரு."

எழுதினார். தூதரகத்துக்கு எழுதினார், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினார். ஒரு புத்தகத்தில் கிடைத்த மறைமாவட்ட முகவரிகளுக்கெல்லாம் எழுதினார். நடுவில் அந்த நாட்டில் ராணுவச் சட்டம் வந்தது. கொஞ்ச நாள் தபாலே போகவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1983இல், ஒரு சிறிய ஊரின் பங்குச் சாமியாரிடமிருந்து இரண்டு பக்க இங்கிலீஷ் கடிதம் வந்தது. ஆபீஸ் ஜன்னலோரம் நின்று அதை மூன்று தரம் படித்தார்.

பெயர் ஒரு செடியின் பெயரிலிருந்து வந்ததாம். வேறெதுவும் விளையாத மணல் மேட்டில் தானாக முளைக்கும் குத்துச்செடி. சின்னச் சின்னதாக ஊதாப் பூ பூக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் குடியேறிய ஒருவனுக்கு இருநூறு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் கேலியாக வைத்த பெயர், பரம்பரைக்கே நிலைத்துவிட்டது. ஒரே ஒரு கிராமம். பத்தொன்பது வீடு. வேறெங்கும் அந்தப் பெயர் கிடையாது. போர் நடந்த ஒரு குளிர்காலத்தில் அத்தனை வீட்டுக்காரர்களையும் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிராமம் இன்று வரைபடத்தில் இல்லை. "நான் விசாரித்தவரை, இந்த நாட்டில் இந்தப் பெயருடன் இப்போது உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹெலெனா. திருமணம் ஆகாதவர். உங்களையும் சேர்த்தால் இரண்டு."

லூர்துமேரியிடம் போய்ச் சொன்னார். அவருக்குப் பிடிபட்டது செடிதான். "கொழிஞ்சி மாதிரின்னு சொல்லு. அதுவும் ஊதாப் பூதான பூக்கும். புழுதிக்காட்டுல மானாவாரியா மொளைக்கும்."

இரண்டு என்பதை மூன்றாக்கலாம் என்று தனிஸ்லாசுக்கு ஒரு ஆசை இருந்தது. மகள் ஜெயராணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதே அது முடிந்துபோன கதை.

"இனிஷியலு டபிள்யூன்னு போடுங்க சார்."

"உங்க பேரு தனிஸ்லாசு. டபிள்யூ எங்கேருந்து வந்துச்சி?"

"அது எங்க குடும்பப் பேருங்க."

"குடும்பப் பேரா? கொழந்தைக்கு அப்பா பேருதான்யா போடுவாங்க. ஜல்தி சொல்லுங்க, பெல் அடிக்கப் போறான்."

த. ஜெயராணி என்று எழுதினார்கள். நாளைக்குக் கல்யாணமானால் அந்தத் 'த'வும் போய்விடும். தமிழ்நாட்டில் யாருடைய பெயரும் இரண்டு தலைமுறைக்கு மேல் நடப்பதில்லை. அதற்காக யாரும் அழுவதும் இல்லை. அதைத் தனிஸ்லாசும் அறிவார். "நம்ம ஊர்ல ராமசாமி போனா இன்னொரு ராமசாமி வருவான் சார். இது போச்சின்னா, போனதுதான்" என்று விருத்தாசலத்திடம் ஒரு முறை சொன்னார்.

ஹெலெனாவுக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டார். ஒரு வருடத்துக்குமேல் ஒன்றும் இல்லை. 1985 பிப்ரவரியில் பதில் வந்தது. நடுங்கும் கையெழுத்து, முழுக்கப் போலிஷ். கடிதம் கையில் இருக்கிறது, ஒரு வரி புரியவில்லை. தம் பெயரை மட்டும் அடையாளம் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு வானூர் பஸ் ஏறினார்.

ஆரோவில்லில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த செக் நாட்டு அம்மாள் ஒருவருக்குப் போலிஷ் கொஞ்சம் தெரியும் என்றார்கள். மண் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அந்த அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ போலிஷ்?"

"இல்லீங்க. திண்டிவனம்."

அவர் சிரிக்காமல் கடிதத்தை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் படித்து, தமக்குத் தெரிந்த தமிழையும் இங்கிலீஷையும் கலந்து சொன்னார். ஹெலெனாவுக்கு எழுபத்தோரு வயது. அந்தக் குளிர்காலத்தில் அவர் பட்டணத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார். யான் என்று ஒரு தம்பி இருந்தான். போர் முடிந்த பிறகு இரண்டு பேர் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி எழுதி ஏமாற்றியிருக்கிறார்கள். "மூணாவது தரம் நம்ப பயம், சொல்றாங்க. சாரி, சொல்றாங்க. தம்பி சின்ன பையன்லே கிணறு பக்கம் விழுந்து கால் உடைஞ்சி. எந்த கால், உன் அம்மா கேளு. அந்த கால் சொன்னா, நீ என் புள்ளை, சொல்றாங்க."

அங்கிருந்தே திண்டிவனம் போனார். லூர்துமேரி முற்றத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, அப்பாவுக்கு எந்தக் காலு நொண்டி?"

முறம் நின்றது. முப்பத்துநாலு வருடமாகிவிட்டது. லூர்துமேரி வலது என்று வாயெடுத்தார், நிறுத்தினார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலிலிருந்து வேப்பமரம்வரை, புருஷன் மில்லுக்கு நடந்துபோன மாதிரியே, ஒரு பக்கம் தோளைச் சாய்த்து, ஒரு காலை அரை வட்டமாக இழுத்து இழுத்து நடந்தார். திரும்பி வந்தபோது முகம் முழுக்கத் தண்ணீர்.

"எடதுடா. எடது காலு. போயி எழுது."

அன்றைக்கே எழுதினார். செக் அம்மாளிடம் மறுபடியும் போய், இடது என்பதற்குப் போலிஷ் வார்த்தையைக் கேட்டு, நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் அதையும் எழுதிச் சேர்த்தார். கடிதத்துக்குள் ஜெயராணியின் படம் ஒன்று. லூர்துமேரி, கோயிலுக்குப் போகும் வழியில் பறித்த கொழிஞ்சிப் பூங்கொத்து ஒன்றைக் காயவைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் திண்டிவனத்தில் அதே கேள்வி. "லெட்டரு வந்துச்சாடா?" "வரும்மா. தூரம் இல்ல?" லூர்துமேரி அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். எங்க நாத்தனா, வாத்திச்சியாம், எழுதிக்கினு இருக்கா.

அக்டோபர் மாதம், மழை விட்ட ஒரு காலை. சென்னையிலிருந்து வந்த பையை அவிழ்த்துக் கொட்டினார்கள். வெளிநாட்டுக் கட்டு தனிஸ்லாஸ் பக்கம் வந்தது. மூன்றாவதோ நான்காவதோ, ஒரு உறையைப் புரட்டி அனுப்பியவர் பெயரைப் பார்த்தார்.

அந்தப் பெயர் இருந்தது. ஏழு எழுத்தும். தம் சொந்தக் கையெழுத்திலேயே.

முன்பக்கம் திருப்பினார். முகவரியின்மேல் சிவப்பு மசியில் குறுக்குக் கோடு. ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. உலகத் தபாலுக்குப் பிரெஞ்சுதான் பொது பாஷை. திருப்பி அனுப்பும் காரணங்கள் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். முகவரி மாறியவர், பெயர் தெரியாதவர், வாங்க மறுத்தவர். பதினெட்டு வருடத்தில் அவருக்கு அத்தனையும் மனப்பாடம். குறி போட்டிருந்தது கடைசி வரியில். இறந்துவிட்டார்.

உறையின் ஒட்டு பிரியவில்லை. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"இன்னாய்யா, நின்னுட்ட?" என்று விருத்தாசலம் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தனிஸ்லாஸ் முன்னால் கிடந்த மிச்சக் கட்டை எடுத்துத் தாமே பிரிக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாயாரிடம் சொல்லவேண்டியிருந்தது. பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனார். வீட்டு வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்க்கு அவசியமில்லாமல் போய்விட்டது.

"செத்துட்டாளா?"

"ஆமாம்மா."

"எடதுன்னு எழுதினியே, அதப் படிச்சாளா?"

அவர் உறையை நீட்டினார். லூர்துமேரிக்கு எழுத்து தெரியாது. விரலால் ஒட்டைத் தடவிப் பார்த்தார். உள்ளே பூ நொறுங்கிச் சலசலத்தது.

"அப்ப நம்மளையும் பொய்யின்னே நெனச்சிக்கினு போயிட்டாளா?" என்றார்.

மகன் கிளம்பும்போது லூர்துமேரி சொன்னார்: "கல்லறைத் திருநாளு பூசைக்கு அவ பேரக் குடுத்துரு. அவளுக்கு வேற யாரு குடுப்பா?"

நவம்பர் இரண்டாம் தேதி, கோயில் வாசலில் உபதேசியார் சின்னக்கண்ணு மேசை போட்டு, பூசையில் வாசிக்கவேண்டிய இறந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முருகையன் என்கிற சவரிமுத்து, வெள்ளையம்மாள் என்கிற அந்தோணியம்மாள் என்று பக்கம் நிறைந்துகொண்டிருந்தது. தனிஸ்லாஸ் முறை வந்தது.

"பேரு சொல்லு தொரை."

"ஹெலெனா." பிறகு, தாயார் சொல்கிற மாதிரியே, குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"இன்னாது? உசோ... இன்னொரு தபா சொல்லு."

சொன்னார். சின்னக்கண்ணு 'உ' போட்டார், 'சோ' போட்டார், நிமிர்ந்து பார்த்தார். "சாமி இத எப்படிப்பா வாசிப்பாரு?" மேசையைச் சுற்றி நின்றவர்கள், கையில் மெழுகுவத்தியோடு, இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

தனிஸ்லாஸ் குனிந்து, உபதேசியார் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கினார். ஹெலெனா என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் பாதி எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். பேனாவை மூடி, நோட்டின்மேல் வைத்துவிட்டு, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.