சிரிப்பில் ஆடிய படம்

எம்.ஆர்.ஐ. அறையில் யாரும் அசையக்கூடாது. மலேசிய ஆஸ்பத்திரி ஒன்றின் அந்த அறையில் முப்பது வருடம் படம் எடுத்தேன். என் வாய் மட்டும் அசையாமல் இருந்ததே இல்லை. "தலைக்கு மாட்டுற காயில் கூண்டை உன் வாய்க்கு மாட்டணும்லா," என்பார் மேலதிகாரி.

ஒருநாள் பகாவ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மாரிமுத்து அண்ணன் வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுப்பவர். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. இப்போது விரல்கள் மரத்து, சட்டைப் பட்டன்கூடப் போட வரவில்லை. மனைவி சரோஜா அக்கா கேட்டது ஒன்றுதான்.

"மறுபடி கம்பு பிடிப்பாரா தம்பி?"

"டாக்டர் சொல்வாருக்கா."

குழாய்க்குள் அண்ணன் பயந்து கிடந்தார். டி-டூ என்ற வகைப் படத்துக்கு முன் மைக்கில் சொன்னேன்: "அண்ணே, மேல குலை தொங்குதா? அறுத்துடாதீங்க, மெஷின் நம்ம வீட்டுது இல்ல."

உடனே படத்தைத் தொடங்கினேன். அவருக்குச் சிரிப்பு அரை நிமிடம் தாமதமாக வந்தது. தோள் குலுங்கியது.

டி-டூவில் நீர் வெள்ளை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகவும், தண்டுவடம் சாம்பலாகவும் தெரிய வேண்டும். ஆடிய படத்தில், கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெருக்கும் இடத்தில், சாம்பலுக்குள் ஒரு வெள்ளைக் கீற்று. தண்டுவடம் சேதப்பட்டால் இப்படித் தெரியும்; அசைந்தாலும் இப்படிப் பொய் வெள்ளை விழும். வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அண்ணே, மறுபடி எடுக்கிறேன். இந்த வாட்டி நான் ஊமை."

கல் மாதிரிக் கிடந்தார். படம் தெளிவாக வந்தது. கீற்றும் அதே இடத்தில் வந்தது. டி-ஒன் என்ற இன்னொரு வகைப் படத்தில் அந்த இடம் கறுத்திருந்தது. வெள்ளை மட்டுமென்றால் வீக்கமாக இருக்கலாம், கொஞ்சம் நம்பலாம். கறுப்பும் சேர்ந்தால் பழைய சேதம், மீள்வது கஷ்டம் என்பார் எங்கள் டாக்டர்.

வெளியே வந்தவர் கேட்டார்: "என் சிரிப்பால கெட்டுப்போச்சா தம்பி?"

"என் வாயால கெட்டுச்சுண்ணே. திரும்ப எடுத்தாச்சு."

"கம்பு பிடிப்பாரா?" என்றார் அக்கா மறுபடியும்.

"டாக்டர் சொல்வாருக்கா."

முதலில் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான். ஆனால் இப்போது படத்தைப் பார்த்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அன்று அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை.

அண்ணனின் சட்டை திறந்தே கிடந்தது. குனிந்து பட்டன் போட்டுவிட்டேன்.

"அடுத்த வாட்டி நானே போட்டுக்குவேன் தம்பி," என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஜோக் சொன்னால் கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருங்கள். படம் ஆடினால் மறுபடி எடுங்கள், என்ன தெரியப்போகிறது என்று பயமாக இருந்தாலும். பட்டன் போட்டுவிடவும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.