மாமாவுக்காகச் சரித்த தரை

1982 ஆகஸ்டு 15, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். அலுவலகக் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்தேன். அன்று ஒரே ஒரு மாற்றம்: நானும் மனைவியும் இரண்டு வீடு தள்ளியிருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு அன்றுதான் டைல் ஒட்டும் நாள்.

காரணம் என் மாமனார். ரப்பர்த் தோட்டத்தில் தனியாக இருந்தார். கண்ணில் புரை. அடுத்த வாரம் ஈப்போ மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. பிறகு சில நாள் எங்களோடு தங்கியாக வேண்டும். ஆனால் போன தீபாவளிக்கு எங்கள் குளியலறையின் பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, காலையில் வந்தால் மத்தியானப் பேருந்திலேயே திரும்பிவிடுவார். “கண்ணு தெரியாமயே இருந்துட்டுப் போறேன். அந்த பாத்ரூம்ல இன்னொரு தடவ விழ என்னால முடியாது” என்று சொல்லிவிட்டார். கொத்தனாரைக் கேட்டால் அடுத்த மாதம்தான் என்றார். ஆகவே நானும் மனைவியின் அண்ணனான மச்சானும் இறங்கினோம்.

லாரி ஓட்டும் மச்சான் முதல் நாளே பழைய தரையைக் கொத்திவிட்டார். சொரசொரப்பான பழுப்பு டைல்களை நான் கூடத்தில் பரப்பிப் பார்த்து, முதுகில் பெயிண்டால் எண் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் சாந்தில் பதித்ததும் ரசமட்டத்தை வைப்பேன். குமிழி நடுவில் நிற்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி.

“மச்சான், டைல் ஒட்டுறீங்களா, கேரம் போர்டு செய்றீங்களா?” என்றார் அவர்.

“நீங்க சாந்தக் கொழைங்க மச்சான்” என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஒரு டைல்கூட ஏற்ற இறக்கமில்லை. பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். ஊற்றிய இடத்திலேயே அது பரந்து நின்றது. வடிகால் துளையின் பக்கமே போகவில்லை. கொஞ்சம் மட்டும் அடுப்படியை எட்டிப் பார்த்தது.

“அப்பாவுக்குத் தூண்டில் வாங்கி வச்சிடலாம் லா” என்றார் மச்சான்.

மனைவி சிரிக்கவில்லை. “தண்ணி நின்னா பாசி வரும். பாசி வந்தா அப்பா வர மாட்டாரு” என்றாள். மறுபடி தரையைப் பார்த்தவள், திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“ஏங்க, நாம மூணு பேருமே பால்மரம் வெட்டுனவங்கதானே? கோட்டச் சமமாப் போட்டா பாலு மங்குக்கு எப்படிங்க வரும்?”

உண்மைதான். பள்ளிக்கூடம் போகும் முன்பே அம்மா அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பிள்ளைகள் நாங்கள். மரப்பட்டையில் சரிவாக வெட்டினால்தான் பால் வழிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழும் என்பது மூவருக்கும் கைப்பழக்கம். டைலைக் கண்டதும் மூவருக்குமே மறந்துவிட்டது.

“அப்ப அதே சரிவுல ஒட்டிடலாம்” என்றேன்.

“அந்தச் சரிவுல ஒட்டுனா, அப்பா குளிக்கப் போயி நேரா லொங்காங்லதான் எறங்குவாரு!” என்றார் மச்சான். வீட்டுக்கு வெளியே ஓடும் அந்தச் சாக்கடையைக் கையால் காட்டினார்.

சாந்து இன்னும் இறுகவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்தோம். மனைவி கழுவிக் கழுவி எண் வரிசைப்படி கொடுத்தாள். ரசமட்டத்தில் வடிகால் பக்கத்து முனைக்கு அடியில் ஒரு துண்டுப் பென்சிலைக் கட்டினேன். இப்போது குமிழி நடுவில் நின்றால், தரை துளையை நோக்கிப் பென்சில் கனத்துக்குச் சரிந்திருக்கிறது என்று பொருள். விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி டைலும் உட்கார்ந்தது. அன்று யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பயம்தான்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருந்தேன். எழுந்ததும் கடிகாரத்தின் பக்கம் போகவில்லை. குளியலறை வாசலில் குந்தி, உள்ளே காலை வைக்காமல் ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்தேன். அது தயங்காமல் துளையைத் தேடிப் போய் இறங்கியது. பின்னால் நின்ற மனைவி மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினாள்.

“போய் அப்பாவக் கூட்டிட்டு வாங்க. கைலியும் துண்டும் எடுத்துக்கச் சொல்லுங்க.”