மிக்சி ஓடல, சோதனை

வெப்சைட் பராமரிக்கிற வேலை இருக்கே, ஒழுங்கா செஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது. தப்பா செஞ்சா மட்டும் காலங்காத்தால போன் வரும். நீங்களும் இந்தப் பொழப்புல இருந்தா இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீங்க. இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை: ப்ளகின்னா வெப்சைட்டுல சேத்து வைக்கிற உதிரி பாகம். படம் காட்ட ஒண்ணு, ஆர்டர் வாங்க ஒண்ணு. அதைச் செஞ்சவங்க அப்பப்போ புதுசு விடுவாங்க, நாமளும் மாத்தணும். நாகமலை புதுக்கோட்டையில ஒரு மாடி வீட்டுல உக்காந்து, இருபது முப்பது கடைகளுக்கு நான் இந்த வேலையைத்தான் பாக்குறேன்.

ஒரே ஒரு டிக்

'தானாவே அப்டேட் ஆகிக்கோ'ன்னு ஒரு டிக் இருக்கும். அக்கா மகளுக்குக் காதுகுத்துன்னு கிளம்பின அவசரத்துல, எல்லா சைட்டுக்கும் அந்த டிக்கைப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். மறுநாளே, கஸ்டமர் நிரப்பி அனுப்புற படிவத்தை வாங்குற ப்ளகின் தானா மாறி, மத்ததோட ஒத்துப்போகாம முறுக்கிக்கிச்சு. 'அனுப்பு' பட்டனை அமுக்கினா ஒண்ணும் போகல. பந்தியில உக்காந்திருக்கேன், போன் மேல போன். கூப்பிட்டவங்க சைட்டையெல்லாம் அங்கேயே லேப்டாப்பை விரிச்சுச் சரி பண்ணிட்டு, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி பாயாசம் குடிச்சேன்.

கூப்பிடாதவர் ஒருத்தர் இருந்தார். காளவாசல்ல மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பாக்குற சிக்கந்தர் அண்ணே. எட்டாவது படிக்கிறப்ப வந்த காய்ச்சல்ல காது போயிருச்சு. பேசுவார், ஆனா கேக்காது. நாம போன்ல டைப் பண்ணிக் காட்டணும். நம்பர் போட்டா சனம் போன்தான் அடிக்குது, எடுக்கலைன்னா அடுத்த கடைக்குப் போயிருது. அதனால நம்பரே இல்லாம, படிவம் மட்டும் வச்சு அவருக்கு சைட் போட்டுக் கொடுத்திருந்தேன். யாராவது எழுதினா அவர் சட்டைப் பையில போன் நடுங்கும், டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்கே போயிருவார். குடும்பம் ஓடுறதே அதுலதான்.

அஞ்சாம் நாள் காளவாசல் பக்கம் போறப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஓடிப்போய்ப் பாத்தா, ஏற்கெனவே சரி பண்ணி, ஆள் வந்து வாங்காம கிடந்த மிக்சியையே திரும்பக் கழட்டிப் போட்டு உக்காந்திருக்கார். என்னைப் பாத்ததும் சொன்னார்: "நாலு நாளா ஒருத்தரும் கூப்பிடல தங்கச்சி. எங்கேயோ வேலையில கொறை வச்சுட்டேன் போல. அதான் எங்கன விட்டேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

செருப்புக் கடை

கொறை உங்க வேலையில இல்ல, என் டிக்குலன்னு டைப் பண்ணிக் காட்டி, படிவத்தையும் அங்கேயே சரி பண்ணிக் கொடுத்தேன். "அப்பாடா"ன்னு மூச்சு விட்டார், அம்புட்டுதான். நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலாம் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அந்த டிக்கை எல்லா சைட்லயும் பிடுங்கி எறிஞ்சேன். அப்டேட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு அப்படியே விட்டுட்டேன்.

அதுவும் தப்பு. சமயநல்லூர்ல உரக்கடை வச்சிருக்கிற தவசி அண்ணே கொஞ்ச மாசத்துல கூப்பிட்டார்: "தாயி, நம்ம சைட்டைத் திறந்தா எவனோ வெளிநாட்டுச் செருப்பு விக்கிறானே!" புதுசாக்காத பழைய ப்ளகின் ஓட்டை வழியா எவனோ உள்ள புகுந்துட்டான். நல்லவேளை, பழைய பிரதி ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். அதை வச்சு மீட்டுட்டு, "இனிமே முழுசா ஒரு பிரதி எடுத்துட்டுத்தான்ணே அப்டேட்டைத் தொடுவேன், கெட்டாலும் திரும்பிரலாம்"னு விளக்கினேன். அவர் அலட்டிக்கவே இல்ல. "அதத்தான தாயி நாங்க காப்புக் கட்டுறதுங்கிறோம். காப்புக் கட்டாம எவனாவது தீச்சட்டி தூக்குவானா?"

சோதனை

அன்னையிலிருந்து புதன்கிழமை காலைதான் அப்டேட். முதல்ல காப்பு. அப்புறம் யாரும் பாக்காத டூப்ளிகேட் சைட்ல போட்டுப் பாக்குறது. அது பிழைச்சா நிஜ சைட்ல, ஒவ்வொரு ப்ளகினா. கடைசியா, நானே கஸ்டமர் மாதிரி படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாக்குறது.

முதல் புதன்கிழமை சிக்கந்தர் அண்ணே படிவத்துல என் பேர், வீட்டு முகவரியெல்லாம் போட்டு, "மிக்சி ஓடல. சோதனை"ன்னு அனுப்பினேன். முக்கா மணி நேரத்துல வாசல்ல வண்டிச் சத்தம். வேர்க்க விறுவிறுக்க அண்ணே நிக்கிறார். "ஒரே சோதனைன்னு எழுதியிருந்தீங்களே தங்கச்சி, என்ன கஷ்டமோன்னு கையில இருந்த வேலைய விட்டுட்டு ஓடியாந்தேன்."

என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. டெஸ்ட்டுண்ணே, டெஸ்ட்டுன்னு டைப் பண்ணிக் காட்டினேன். சத்தமா சிரிச்சார். வந்தது வந்தோம்னு மிக்சியை ஓடவிட்டு, அது மேல உள்ளங்கையை வச்சுப் பாத்தார். "ஓடுது. ஆனா ஜார் புஷ்ஷு தேஞ்சு கெடக்கு, கைக்குத் தெரியுது. உங்க சோதனை பாஸு, உங்க மிக்சிதான் பெயிலு!"

வந்துருச்சு

அப்புறம் அது ஒரு வழக்கமாவே ஆயிருச்சு. புதன்கிழமை நான் "மிக்சி ஓடல. சோதனை"ன்னு அனுப்புவேன், அவர் "வந்துருச்சு"ன்னு பதில் போடுவார். அதைப் பாத்தாத்தான் எனக்கு டீ இறங்கும்.

ஒருதடவை அதே படிவ ப்ளகினுக்குப் புதுசு விட்டாங்க. டூப்ளிகேட்ல போட்டா படிவத்தையே காணோம்! அவங்க அதைச் சரி பண்ணி விடுற வரைக்கும் நிஜ சைட்ல அந்த ஒண்ணை மட்டும் தொடல. அன்னைக்கு சோதனையோட, "பெரிய கண்டத்துல தப்பிச்சோம்ணே"ன்னு பெருமையா எழுதி அனுப்பினேன். அவர் பதில்: "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலயே தங்கச்சி. காலையில இருந்து மூணு கிரைண்டர் பாத்தேன்."

வராத சோதனை

போன மழைக்கு எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல வேலை. அவர்கிட்ட லேசான காய்ச்சல்னு பொய் சொல்லிட்டேன். புதன்கிழமை போனது எனக்கே தெரியல. வியாழக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டுற சத்தம். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த் திறந்தா, டூல்ஸ் பையோட சிக்கந்தர் அண்ணே.

மிக்சி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னு டைப் பண்ணக்கூட விரல்ல தெம்பு இல்ல. அவர் என் மூஞ்சியைப் பாத்தார். கீழ எறங்கிப் போய், தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி குரல் கொடுத்து, ஹவுஸ் ஓனர் அக்காவையும் ஒரு ஆட்டோவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டார். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறுறப்ப, எப்படித் தெரியும்னு சைகையில கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு, வெக்கமே இல்லாம அழுதுட்டேன்.

"நேத்து உங்க சோதனை வரல. படிவந்தான் கெட்டுப்போச்சோன்னு எம் பொண்டாட்டி போன்ல இருந்து நானே ஒண்ணு போட்டுப் பாத்தேன், வந்துருச்சு. அப்ப சைட்டு நல்லா இருக்கு, தங்கச்சிக்குத்தான் என்னமோன்னு கெளம்பிட்டேன்."

ஆக, சக பாவிகளே, எதையும் தானா நடக்கட்டும்னு விட்டுறாதீங்க; தானா வந்ததுல இதுவரைக்கும் எனக்கு உருப்படியா அமைஞ்சது சிக்கந்தர் அண்ணே ஒருத்தர்தான்.