காய்ச்சல் வந்த மூட்டை

எங்கள் மாமாவுக்கு வருடத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருடம் லவ் பேர்ட்ஸ், ஒரு வருடம் மீன் தொட்டி, ஒரு வருடம் வாழைத்தண்டுச் சாறு. எந்தப் பைத்தியமும் வில்லாபுரத்தில் அவர் வீட்டோடு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறி, பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து இறங்கிவிடும். அம்மாவுக்கு ஒரே தம்பி என்பதால் அதைத் தடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் சொந்த வீடு எழும்பிய வருடம் அவரைப் பிடித்திருந்தது ஆளிச்செடி.

செடியை அவர் கண்ணால் கண்டதில்லை. வடக்கே எங்கேயோ குளிர்காலத்தில் நீலமாகப் பூக்கும் என்று செல்போனில் ஒரு படம் வைத்திருந்தார். கிரிக்கெட் மட்டைக்குத் தேய்க்கிற எண்ணெயிலிருந்து ஆரம்பித்தது விஷயம். அந்த எண்ணெய் ஆளிவிதையில் எடுப்பது என்று யாரோ சொல்ல, மாமா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"அக்கா, மட்டைக்குப் போடுற எண்ணெயும் மச்சானோட கொழுப்புக்கு டாக்டர் சொன்ன வெதையும் ஒரே சாமானு! லினன் துணியும் அந்தச் செடித் தண்டுல உரிச்ச நாருதான். ஒரு செடிக்குள்ள அம்புட்டும் இருக்கு, பாத்துக்க."

அதிலிருந்து எங்கள் வீட்டு இட்லிப் பொடியில் ஆளிவிதை, மோரில் ஆளிவிதை, தோசைமாவில் ஆளிவிதை. அப்பா மூன்று வேளையும் மென்றுவிட்டு, "மாப்ள, இன்னும் கொஞ்ச நாள்ல என் தலையில நீலப் பூ பூத்துரும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். அப்பா ஒருவரைக் கேலி செய்கிறார் என்றால் அவரைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மாமாவிடம் அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. தாத்தா இருமி இருமியே செத்துப்போனவர். அப்படியிருந்தும் மாமா சிகரெட் குடிப்பதை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்து, அவர் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலை வெடித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா பெட்டிக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடலைமிட்டாயோடு திரும்பி வந்தால்தான் மூச்சு வரும்.

புதுவீட்டின் தலைவாசல் கதவு தேக்கு. அம்மாவின் வளையல் ஒன்று போய்த்தான் அந்தக் கதவு வந்தது. அதற்கு வார்னிஷ் அடிக்கலாம் என்றார் ஆசாரி. மாமா விடவில்லை. வார்னிஷ் அடிப்பது நல்ல பெண்ணுக்கு நகப்பூச்சு பூசுவது மாதிரி, எண்ணெய்தான் மரத்துக்குள் இறங்கும் என்று வாதாடி, ஒரு டின் ஆளிவிதை எண்ணெயோடு வந்து நின்றார். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அம்மாவும் மாமாவும் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் முக்கி முக்கிக் கதவைத் தேய்த்தார்கள். தேக்கின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வேலை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா விளக்கேற்றினாள். புதுவீட்டின் இருட்டு மூலையில் மூதேவி உட்கார்ந்துவிடுவாள் என்று மூலைக்கு ஒரு அகல். மாடிப்படிக்கு அடியில் துடைப்பம், வாளி போட்டுவைக்கிற சின்ன அறை வாசலிலும் ஒன்று. எண்ணெய்த் துணிகளை வெளியே கொண்டுபோய்ப் போடப் புறப்பட்ட மாமாவைத் தடுத்தாள்.

"வெளக்கு வெச்ச பெறகு குப்பையை வெளிய போடுவாகளா? அதுவும் புதுவீட்டுல? லெச்சுமி போயிருவாடா. காலையில பாத்துக்கலாம்."

துணிகளையெல்லாம் ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டு, காலால் அமுக்கித் திணித்து, வாயை இறுகக் கட்டி, மாடிப்படி அறைக்குள் தள்ளினாள். அம்மா எதைக் கட்டினாலும் அப்படித்தான், எமனே வந்தாலும் அவிழ்க்க முடியாது.

கிளம்புகிற நேரத்தில் என் ரப்பர் பந்து அந்த அறைக்குள் உருண்டுபோனது. இருட்டில் துழாவியபோது கை சாக்கின் மேல் பட்டது. வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது அம்மா என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாளே, அதுபோல நானும் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"அம்மா, மூட்டைக்குக் காய்ச்சல் அடிக்குது."

"மாத்திரை குடுத்துட்டு வா, நேரமாச்சு" என்றாள் அம்மா. மாமா சிரித்தார். பால் காய்ச்சும் முன் புதுவீட்டில் யாரும் படுக்கக்கூடாது. பூட்டிக்கொண்டு பழங்காநத்தத்துக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாமா பைக்கில் முன்னால் என்னையும் பின்னால் மாவிலைக் கட்டையும் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். இருவரும் தோரணம் கட்டினோம். பிறகு சீரியல் லைட் மாட்ட மொட்டைமாடிக்குப் போனோம். அங்கிருந்து நாகமலை நீளமாகப் படுத்துக் கிடப்பது தெரிந்தது. நான் பல்புகளை எடுத்துக் கொடுக்க, அவர் கட்டிக்கொண்டே வந்தார். சட்டைப்பையில் ஒரு சீப்பும் சில்லறையும் தவிர எதுவும் கிடையாது. அதை நான் பார்த்துவைத்திருந்தேன். அவர் பையைப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது. கீழே வேன் வந்து நின்று, அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, சொந்தக்காரர்கள் எல்லோரும் இறங்கும் வரை நான் அவரை விட்டு நகரவில்லை.

மாமா சீராகக் கொடுத்திருந்த லினன் சட்டையை அப்பா போட்டிருந்தார். வேனில் வந்ததிலேயே அது கசங்கிப் போயிருந்தது. "கசங்குனாத்தான் ஒரிஜினல்" என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விட வேண்டும். பசு வாசற்படி வரை வந்தது. மூக்கை விடைத்தது. அப்புறம் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. மாட்டுக்காரர் தட்டினார், தள்ளினார், கெஞ்சினார். வாழைப்பழம் காட்டினோம். அது பின்வாங்கிக்கொண்டே போனது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. அம்மாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் மாடிப்படி அறைக் கதவின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

மாமாதான் ஓடினார். கதவைத் திறந்ததும் குப்பென்று தீ எழுந்தது. சாக்கை வெறுங்கையால் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டார். அத்தை இடுப்பிலிருந்த மஞ்சள்தண்ணிக் குடத்தைப் பிடுங்கி யாரோ அதன்மேல் ஊற்றினார்கள். துடைப்பம் எரிந்திருந்தது. புதுச்சுவர் கரியாகியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அம்மா வைத்த அகல் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. அவ்வளவுதான் சேதம். ஆனால் அத்தை அந்த அகலைக் கையில் எடுத்தாள்.

"இந்த வெளக்கை யாரு ஏத்துனது?"

அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"வீட்டுக்காரி ஏத்துன வெளக்கே வீட்டைச் சுட்டா அந்த வீடு வெளங்குமாத்தா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினியை ஒண்ணும் சொல்லாதீக" என்றார் மாமா. அம்மாவுக்கு அத்தைதான் மதினி; மாமா தன் அக்காவையே மதினி என்றுவிட்டார். பதற்றத்தில் அவருக்கு முறை தப்பிவிட்டது. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி சொன்னார். "எங்க அக்கா ஒண்ணும் பண்ணல. நாந்தேன். விடியக்காலம் சிகரெட்டு குடிச்சிட்டு துண்டை அங்ஙன போட்டேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

ஐயர் நல்ல மனிதர். அக்னி பகவான் அழைக்காமலே வந்திருக்கிறார், இதைவிட நல்ல சகுனம் ஏது என்று அடித்துவிட்டார். புகை அடங்கியதும் பசுவும் சாதுவாக உள்ளே போனது. பால் பொங்கியது. எல்லோரும் சாப்பிட்டார்கள். பந்திக்கு முன்னால் அப்பா உள்ளே போய் லினன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் துணி சுற்றிக்கொண்டு மாமா மட்டும் பந்தியில் உட்காராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேடா."

அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசவில்லை.

போகும்போது மாமா என்னைக் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார். என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "மாடியில நாம ரெண்டு பேரும் இருந்ததை யார்ட்டயும் சொல்லிராத, தங்கம். மாமா தலையில சத்தியம்."

இப்படியாக ஒன்பது வயதில் இரண்டு தலைகள் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. உண்மையைச் சொன்னால் மாமாவின் தலை போய்விடும். சொல்லாவிட்டால் அம்மாவின் தலை? மாமா குடிக்கவில்லை, அதனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் கணக்குப் போடுவேன். உடனே சந்தேகம் வரும். பெரிய மனுஷர் ஒருவர் செய்யாததைச் செய்தேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஒருவேளை நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குடித்திருப்பாரோ? அம்மாவுக்கு அந்த மாதங்களில் அடிக்கடி தலைவலி வந்தது. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவள் படுத்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் போய் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று வகிட்டைத் தடவுவேன். "எம்மேல எம்புட்டுப் பாசம் பாரு எம்பிள்ளைக்கு" என்பாள் அம்மா. பாசம்தான், ஆனால் பாதிக்கு மேல் பயம்.

பொங்கலுக்கு மாமா கரும்பும் சீரும் கொண்டுவந்து கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு, "வாரேங்க்கா" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், கூப்பிடவில்லை. அன்று பொங்கல் பானையைப் பார்க்காமல் அடிபிடிக்க விட்டுவிட்டாள். இட்லிப் பொடியில் ஆளிவிதை நின்றுபோனது. அப்பா யாரையும் கேலி செய்வதில்லை.

நான் பெரியவளானபோது தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது என்பதால் அவரை அழைத்தாக வேண்டியிருந்தது. வந்தார். போக்குவரத்து மெல்லத் திரும்பியது. ஆனால் அம்மா அவரிடம் பேசும்போது, வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதை மாமாவை என்ன பாடு படுத்தியது என்று அவர் முகத்தில் தெரியும்.

கல்லூரியில் வேதியியல் வகுப்பில் ஒருநாள் காயும் எண்ணெய்களைப் பற்றிப் பாடம் நடந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது தானாகச் சூடாகும், அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி அடைத்து வைத்தால் நெருப்பே இல்லாமல் பற்றிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அந்த மூட்டையின் வெதுவெதுப்பு என் கைக்கு நினைவு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச்சொல்லி, அம்மாவையும் அவரையும் தேக்குக் கதவுக்கு முன்னால் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் செய்த சத்தியத்தையும் சேர்த்து உடைத்தேன். தலை வெடிக்கவில்லை. மாமா கதவின் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப யாருமே பண்ணலையா?" என்றார் கடைசியில். இத்தனை வருடம் கட்டிக்காத்த தியாகத்துக்கு இப்படி ஒரு முடிவா என்று அவர் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது.

அம்மா அவரை முறைத்தாள். "நான் வெச்ச வெளக்குனால பத்திக்கிச்சுன்னா நெனச்ச?"

"பின்ன என்னக்கா நெனைக்க?"

"எல்லா வெளக்கையும் குளிர வெச்சிட்டுத்தானேடா கதவைப் பூட்டுனேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ மட்டும் எங்கிட்ட கேட்டியா?" என்றார் மாமா. பிறகு குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் ஒன்னையப் பாத்தாங்கக்கா. மச்சானும் பாத்தாரு. நீ தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள். "லூசு" என்றாள். விருந்தாளியை யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள்.

அவர்கள் பேசட்டும் என்று நான் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனேன். அந்தச் சுவருக்கு எத்தனை முறை வெள்ளையடித்தும் ஓரத்தில் கரி லேசாகத் தெரிகிறது. எந்த நேரம் வெடித்துவிடுமோ என்று மாதக்கணக்கில் அம்மாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, அதே கையால் அந்த அறைக்குள் சாக்கின் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். அது எண்ணெய்க்கு வந்த காய்ச்சல் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியவில்லை.