அம்மாவே கூப்பிட்டாலும் வராதே

மழைத்தண்ணீர் தேங்கிய குழியின் ஈரச் சிமெண்ட் வாடை இன்றைக்கு மூக்கில் பட்டாலும் நான் நின்று குழியை எட்டிப் பார்த்துவிடுவேன். கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்கோடியில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் வந்து வேலை நின்றுபோக, மணல்மேடும் படுதா போர்த்திய செங்கல் அடுக்கும் மூடாத செப்டிக் டேங்க் குழியுமாகக் கிடந்த அந்த மனையில்தான் நாங்கள் "ஐஸ்பாய்" ஆடுவோம்.

அதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்று ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஒளிந்திருப்பவர்களை வெளியே இழுக்க, தேடுகிறவர் அவரவர் அம்மா குரலிலேயே கூப்பிடுவார். ஐந்து வயதுத் தங்கை மலர் தினமும் ஏமாந்து அழுவாள். பத்து வயதுப் பெரிய மனுஷியான நான், "அம்மாவே கூப்ட்டாலும் வராதடி" என்று சொல்லிக்கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் அகப்பட்டும் மலரை மட்டும் காணோம். அம்மா வந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. குழியோரம் மலரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. "ஐயோ, எம்புள்ள!" என்று அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஜோசப் மாமா சட்டையோடு குழியில் இறங்கி, கழுத்தளவு கலங்கல் தண்ணீரில் காலால் துழாவிக்கொண்டே, "ஒண்ணும் ஆவாதுக்கா, அழுவாதீங்க" என்றார். தங்கச்சியை நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தது சட்டென்று உறைத்தது. "மலரு, ஆட்டம் முடிஞ்சிபோச்சி! நீதான் ஜெயிச்ச!" என்று அலறினேன்.

படுதாவுக்குள்ளிருந்து சின்னக் குரல் கேட்டது: "நெசமாவா?"

அம்மா அழுததும் ஏமாற்று வேலை என்றே நினைத்தாளாம். சத்தம் கேட்கக்கூடாதென்று செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு ஓடியிருக்கிறாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டே என் முதுகில் நாலு வைத்தாள். இனிமேல் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று தெருவில் பேச்சு எழுந்தபோது, சேறு சொட்ட நின்ற ஜோசப் மாமா, "மூட வேண்டியது குழியத்தாங்க, புள்ளைங்கள இல்ல" என்றார். மறுநாளே பலகை அடித்து மூடினார். அப்புறம் அம்மா கீரை ஆய்கிற சாக்கில் தினமும் வாசலில் உட்கார்ந்துகொள்வாள், நாங்கள் ஆடினோம்.

இப்போது சிதம்பரத்தில் எங்கள் தெருவில் ஒன்று, இரண்டு என்று எண்ணும் பிள்ளைக் குரலே கேட்பதில்லை. பைக்குகள் பறக்கின்றன. பயந்துபோய் நானும் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தேன். போன வாரம் என் ஆறு வயது மகள், "வீட்டுக்குள்ள ஒளிய ரெண்டே எடந்தாம்மா இருக்கு" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தெருமுனைவரை நடந்து ஒவ்வொரு குழி மூடியையும் மிதித்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, கேட்டைத் திறந்துவிட்டேன்.

"அம்மா, நீதான் எண்ணணும். கண்ண மூடிக்க!"

கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன், விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு.